பதில் வராத இரண்டு நாள்

புதுச்சேரி உப்பளம் ஆபீசில் தினமும் காலையில் என் மேசைமேல் மட்டும் மூடி உடைக்காத தண்ணீர் பாட்டில் ஒன்று இருக்கும். மற்றவர்கள் மூலையிலுள்ள கேனில் பிடித்துக் குடிக்கிறார்கள். "மேடம் பாரிஸ்லேர்ந்து வந்திருக்காங்க, ஒத்துக்காது" என்று வாட்ச்மேனே முடிவு செய்துவிட்டார். அட மனுஷா, இதே உப்பளத்துத் தெருக்குழாயில் வாய் வைத்துக் குடித்து வளர்ந்தவள் நான்! கல்யாணமாகி பிரான்சுக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷத்தில், பிறந்த ஊரிலேயே விருந்தாளி ஆகிவிட்டேன்.

பாரிசில் நான் வேலை பார்ப்பது, முதியவர்களின் வீடுகளுக்கு நர்சுகளை அனுப்பும் கம்பெனியில். அந்த நர்சுகள் லீவு கேட்பதற்கான சாஃப்ட்வேரைப் புதுச்சேரியில் எழுதுகிறார்கள். என்ன வேண்டும் என்று அங்கே சொல்கிறவர்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. இங்கே எழுதுகிறவர்கள் அந்த நர்சுகளில் ஒருத்தியைக்கூடப் பார்த்ததில்லை. இரண்டையும் ஒட்டவைக்க, இரண்டு ஊரும் தெரிந்தவள் என்று என்னை அனுப்பினார்கள். மூன்று வாரம் என்றார்கள், ஐந்து மாதம் ஆயிற்று. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அங்கே 'நீ அவர்கள் ஊர்க்காரி' என்பார்கள். இங்கே 'நீங்க அவங்க ஆளுதானே மேடம்' என்பார்கள். செப்டம்பரில் என் மகள் லேயா பெரிய பள்ளியில் சேர்கிறாள். முதல் நாள் நான்தான் கூட்டிப்போவேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஜூலையில் ஒன்றைக் கவனித்தேன். மேலதிகாரி இரண்டு நாளில் பதில் சொல்லாவிட்டால் லீவு கிடையாது என்று சாஃப்ட்வேரில் வைத்திருந்தார்கள். டீம் லீடர் ஜமீலாவைக் கேட்டேன். "பாரிஸ்லேர்ந்து வந்த பேப்பர்ல அதப்பத்தி ஒண்ணும் இல்ல மேடம். பதில் வரலன்னா லீவு இல்லன்னுதானே? எங்க சார் வாயத் தொறக்கலன்னு நான் எங்கக்கா நிச்சயத்துக்கே போகல" என்றாள். மௌனம் சம்மதம் என்பதெல்லாம் கல்யாணப் பெண்ணுக்குத்தான், ஆபீசுக்கு இல்லை. பாரிசில் நேர்மாறு. அங்கே முதல் வருஷம் லீவு கேட்டேன். பதில் வராததால் ஆகஸ்ட் முழுக்க ஆளில்லாத ஆபீசில் தனியாக உட்கார்ந்திருந்தேன். மேலதிகாரி மதாம் கொலெத் திரும்பி வந்து, "நீ போகவேயில்லையா? வேண்டாமென்றால் சொல்லியிருப்பேனே!" என்று திகைத்தார். கடும் உழைப்பாளி என்று எனக்குப் பெயர் வேறு வந்தது.

இதையெல்லாம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் புதுப் பேப்பர், இரண்டு பக்கமும் கையெழுத்து, இன்னும் இரண்டு மாதம். எனக்கு வீட்டுக்குப் போக வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சுயநலம்தான், வேறென்ன.

நர்சுகளுக்குக் கொடுக்கும் முன் ஆபீஸ்காரர்களை வைத்தே சோதித்துப் பார்க்கலாம், அது முடியும்வரை நானும் இங்கேயே இருக்க வேண்டும் என்று பாரிசில் முடிவெடுத்தார்கள். லேயாவைப் பள்ளியில் விடப் பாரிஸ் போக நான் கேட்ட லீவும் அதன் வழியாகத்தான் போயிற்று. மதாம் கொலெத் செப்டம்பர் முதல் வாரம் வரை ஏதோ மலையில், போனையும் அணைத்துவிட்டிருந்தார். ஆகஸ்டில் பாரிசில் கதவைத் தட்டினாலும் திறக்க ஆளில்லை. மூன்றாம் நாள் திரையில் சிவப்பு எழுத்தில் வந்தது: லீவு இல்லை. மீறிப் போனால் வேலை போய்விடும்.

"மாத்திடட்டுமா மேடம்? ரெண்டு நிமிஷ வேலை" என்றாள் ஜமீலா. பிறகு அவளே, "ஆனா நீங்க கையெழுத்துப் போட்டுட்டீங்களே. இனிமே மாத்தணும்னா அந்த மதாம்தான் சொல்லணும்" என்றாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். அன்று பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

பள்ளி திறந்த அன்று இங்கே மதியம் பன்னிரண்டு மணி, அங்கே காலை எட்டரை. லேயா பள்ளி வாசலில் நின்று அவள் அப்பாவின் போனில் பேசினாள்.

"மம்மா, உங்க ஊர்ல லீவே குடுக்க மாட்டாங்களா?"

"ஆமாண்டி செல்லம், இந்த ஊர்க்காரங்க விட மாட்டேங்கிறாங்க" என்றேன்.

எதிரே ஜமீலா டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் மூடியில் பாதிச் சோற்றை எடுத்து வைத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"எங்க ஊரு சோறுதான், சாப்பிடுங்க மேடம்" என்றாள்.