அமராவதி கோத்த முழங்கை

லண்டன் புறநகரான மோர்டனில் அமராவதியைத் தெரியாத தமிழர் குறைவு. பிடித்தவர்கள் அதைவிடக் குறைவு. மலாயாவின் ஈப்போவில் பிறந்து, ஜப்பானில் மருந்தியல் படித்து, லண்டன் ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் மருந்தாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தேர்த் திருவிழா என்றால் எதிர்ச்சாரி நடைபாதையில் நின்றே கும்பிடுவார். கல்யாண வீட்டில் பந்திக்கு நெரிசல் கண்டால் பட்டினியாகவே வீடு திரும்புவார். தலைக்கனம் பிடித்தவள் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நரம்பில்லாத நாக்கு, எப்படி வேண்டுமானாலும் வளையும்.

அடுத்த வீட்டுச் சிவகௌரியும் அப்படித்தான் நினைத்திருந்தாள், 2009 ஏப்ரல் வரை. அவளுடைய தங்கை வன்னியில் குண்டுகளுக்கு நடுவே அகப்பட்டிருந்தாள். பத்து நாளாக ஒரு சேதியும் இல்லை. போரை நிறுத்தக் கேட்டுப் பாராளுமன்றச் சதுக்கத்தில் தமிழர்கள் கூடியிருந்தார்கள். சிவகௌரி வேலைக்கு லீவு போட்டுவிட்டுத் தினமும் அங்கே போனாள். ஒரு காலை அவள் வாசலில் அமராவதி வந்து நின்றார், சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு.

"நானும் வர்றேன். நீ செருப்பை மாத்து. கூட்டத்துல செருப்பு கழண்டா குனிவே, குனிஞ்சா எழுந்திருக்க முடியாது."

"அக்கா, உங்களுக்குச் சனக்கூட்டம் ஏலாதே?"

"ஆமா. பயம்தான். கிளம்பு."

ரயிலில் அமராவதி, யாரிடமும் சொல்லாத கதையைச் சொன்னார். 1960 ஜூன், டோக்கியோ. உலகப்போர் முடிந்து பதினைந்து வருடமாகியும் அமெரிக்கப் படைத்தளங்கள் போகவில்லை. அவற்றை மேலும் தங்கவைக்கும் ஒப்பந்தம் வேண்டாமென்று மாணவர், தொழிலாளர், கைக்குழந்தைக்காரிகள் என நாடே தெருவில் இறங்கிவிட்டது. விடுதியில் அவருடைய அறைத்தோழி ஃபுமிகோ. அவள் கூப்பிட, இருபது வயது அமராவதியும் போனார். மாணவர்கள் முழங்கையோடு முழங்கை கோத்து வளைந்து வளைந்து ஓடினார்கள். பழக்கமில்லாத அமராவதி மட்டும் ஃபுமிகோவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். பாராளுமன்ற வாசலில் பெரிய தள்ளுமுள்ளு. அகப்பட்டால் படிப்புக்கான உபகாரச் சம்பளத்தை நிறுத்தி ஈப்போவுக்கு அனுப்பிவிடுவார்களே என்ற பயத்தில், கையை உதறிவிட்டு ஓடிவிட்டார். அன்று ஒரு மாணவி செத்துப்போனாள். ஃபுமிகோ மிதிபட்டு இடுப்பெலும்பு முறிந்தாள். பிழைத்தாள், ஆனால் நொண்டி நொண்டித்தான் நடந்தாள்.

"கூட்டம்தான் பிரிச்சிருச்சுன்னு அவளே எல்லார்கிட்டயும் சொன்னா. நான் வாயைத் திறக்கல, கௌரி. வருஷா வருஷம் புத்தாண்டு வாழ்த்து அனுப்புறா. நான் இங்க மழை, குளிர்னு எழுதிப் போடுறேன்."

சதுக்கத்தில் கால் வைத்ததும் அமராவதியின் முகம் வெளுத்தது. ஆனாலும் திரும்பவில்லை. சிவகௌரியின் முழங்கைக்குள் தன் முழங்கையை நுழைத்து, தன் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் பூட்டிக்கொண்டார்.

மத்தியானம் பின்னாலிருந்து கூட்டம் திடீரென்று நெருக்கியது. பதாகைக் கம்பு காலில் இடறிச் சிவகௌரி சரிந்தாள். மேலே ஆட்கள், சுற்றிலும் கால்கள். அவளுடைய முழுப்பாரமும் அந்த வயதான தோளில் தொங்கியது.

"விடுங்கோ அக்கா! நீங்களும் விழப்போறியள்!"

"விட மாட்டேன்!"

தோளில் ஏதோ பிசகிய சத்தம் சிவகௌரிக்கே கேட்டது. அப்போதும் பூட்டு கழலவில்லை. "ஆள் விழுந்திருக்கு, நில்லுங்க!" என்று அமராவதி போட்ட கூச்சலில் முன்னால் நின்றவர்கள் திரும்பி, இடம் விட்டு, சிவகௌரியைத் தூக்கிவிட்டார்கள். இத்தனை வருடம் கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கியவர், கூட்டத்தையே நிறுத்திவிட்டார். கையெடுத்துக் கும்பிட வேண்டிய மனுஷி.

மூன்றாம் நாள் சதுக்கத்துக்குப் போகும் வழியில் சிவகௌரி அமராவதிக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். தங்கையைப் பற்றி இன்னும் சேதி இல்லை. வலது கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டபடி, இடது கையால் அமராவதி ஒரு வாழ்த்து அட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஜப்பானிய எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தன.

"புது வருசத்துக்கு இன்னும் எட்டு மாசம் கிடக்கே அக்கா?"

"அதுவரைக்கும் பொறுக்க முடியாது."

"இந்த முறையும் மழை, குளிர்தானோ?"

"இல்ல." அமராவதி நிமிரவில்லை. "கூட்டம் பிரிக்கல, நான்தான் உன் கையை உதறினேன்னு எழுதுறேன்."

அட்டை மேசையில் வழுக்கிக்கொண்டே போனது. சிவகௌரி சாப்பாட்டை ஓரமாக வைத்துவிட்டு, அட்டை நகராதபடி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.