எனெலெசி மேடம் கொடுத்த அட்டை

ஷீரே ஆற்றங்கரையில் எங்கள் கீழ்க்குடியிருப்புப் பள்ளிக்கூடத்துக்கு எத்தனையோ வாத்தியாரம்மாக்கள் வந்து போனார்கள். எனெலெசி ஒருத்திதான் எங்கள் ரத்தம். ஊர்த்தலைவர் லைசனின் மூத்த அக்கா மகள். பெரிய வெள்ளத்தில் ஊரே மூழ்கியபோது அந்த அக்கா வீட்டுயரக் கறையான் புற்றின் மேல் ஏறி நின்றுதான் இவளைப் பெற்றாள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. இவள் ஒரே ஒரு முறை எதிர்த்துப் பேசினாள். எடுபடவில்லை.

அவள் பாடம் எடுத்தது நான்காம் வகுப்புக்கு. மாமரத்தடிதான் வகுப்பறை. கேள்வி கேட்டால் முன்வரிசை பதில் சொல்லும், பின்வரிசை ஓணான் அடிக்கும். மழை பிந்திய வருஷத்தில் அதுவும் இருக்காது. தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கிவிடுவார்கள், ஆம்பல் கிழங்கு தோண்ட. அந்தத் தண்ணீரில் முதலை கிடக்கிறது. எனெலெசியின் சித்தி மகன், அவளைவிட ஒரு வயது சின்னவன், அங்கேதான் முதலைக்குப் போனான். எப்படியாவது பிள்ளைகளை மரத்தடியில் பிடித்து உட்கார வைத்துவிட வேண்டும் என்று அவள் வைராக்கியம் பிடித்தது அதனால்தான்.

டவுனில் நடந்த பயிற்சியில், இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும் ஒரு விளையாட்டைக் காட்டினார்கள். பிள்ளைகளுக்கு போன் வேண்டாம், ஆளுக்கு ஓர் அட்டை போதும். அட்டையில் பாய் முடைந்த மாதிரி கறுப்புக் கட்டங்கள், நாலு பக்கமும் நாலு எழுத்து. எது விடையோ அந்த எழுத்து மேலே வரும்படி பிள்ளை தூக்கிப் பிடிக்க வேண்டும். வாத்தியாரம்மா தன் போனை ஒரு வீச்சு வீசிக் காட்டினால், சரியாகச் சொன்ன பிள்ளையின் பெயர் திரையில் பச்சையாகும், தப்பானது சிவப்பாகும்.

ஜெராக்ஸ் கடையில் அட்டைகளை அடித்துக்கொண்டு வந்தாள். சிக்னலுக்காகப் புற்றின் மேல் ஏறிக் கேள்விகளை இறக்கிக்கொண்டாள். "முதலை குட்டி போடுமா, முட்டையிடுமா?" என்பதுதான் முதல் கேள்வி. அட்டைகள் எழும்பின. பின்வரிசையில் லிசினெட்டி என்றொரு பெண். வருஷம் முழுக்க வாயே திறக்காதவள். அவள் பெயர் பச்சையாயிற்று.

"மேடம், நான் சரியா? நானா?" என்று எழுந்து நின்றுவிட்டாள். "இன்னொண்ணு கேளுங்க மேடம்!"

மறுநாள் எனெலெசி வருமுன்பே மரத்தடி நிறைந்து கிடந்தது. அந்த வாரம் ஆற்றில் பிள்ளைத் தலையே இல்லை.

பிறகு ஒவ்வொருவராக அட்டை இல்லாமல் வந்தார்கள்.

"லிசினெட்டி, உன் அட்டை எங்கடி?"

"அம்மா முடிஞ்சு வெச்சுக்கிட்டாங்க மேடம். நான் தொலைச்சிட்டா சோளம் போயிடுமாம்."

"எந்தச் சோளம்?"

எந்தச் சோளம் என்று எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். போன பஞ்சத்தில் நிவாரணச் சோளம் கொண்டுவந்தவர்களும் இதே மாதிரி கறுப்புக் கட்டம் போட்ட அட்டைதான் கொடுத்தார்கள். அட்டைக்கு நேரே போனைக் காட்டித்தான் மூட்டையை இறக்கினார்கள். ஊரார் கண்ணுக்கு இதுவும் அதுவும் ஒன்றுதான்.

எனெலெசி ஊர்க்கூட்டத்துக்கு ஓடினாள். "இது பிள்ளைங்க படிப்புக்கான விளையாட்டு. இதுல சோளம் வராது" என்றாள். கூட்டம் சிரித்தது.

"சோளத்துக்குப் பேர் எழுதறவன் எவன்டா எழுதறேன்னு ஒத்துக்கிட்டிருக்கான்?" என்றான் படகோட்டி ஒருவன். "நம்ம பொண்ணு, வாய் கெட்டி!"

"மாமா, சத்தியமா சோளம் இல்ல."

லைசன் கண்ணைச் சிமிட்டினார். "இன்னும் சத்தமாச் சொல்லுடி. மேல்குடியிருப்புக்காரன் காதுல நல்லா விழட்டும்."

அவள் மறுக்க மறுக்க ஊருக்கு நம்பிக்கை ஏறியது.

மழை முற்றாகப் பொய்த்தது. மேல்குடியிருப்பு ஆலமரத்தடியில் சோளத்துக்குப் பெயர் எழுத நிஜமான நிவாரண ஜீப் வந்து நின்றது. போய்ப் பெயர் கொடுங்கள் என்று எனெலெசி வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒருவரும் அசையவில்லை. போன பஞ்சத்தில் இரண்டு இடத்தில் எழுதிக்கொண்டவர்களின் பெயரை இரண்டு இடத்திலும் அடித்துவிட்டார்கள். அந்தச் சூடு யாருக்கும் ஆறவில்லை.

"மேடம், எங்களைச் சோதிச்சுப் பாக்குறீங்களா?" என்றாள் லிசினெட்டியின் அம்மா. "நாங்க போக மாட்டோம். எங்களுக்கு உங்க அட்டை போதும்."

மாமன் காலில் விழாத குறை. "ரெண்டு பக்கம் கை நீட்டினா ரெண்டும் போகும். வாத்தியார் வேலை பாரு, போ" என்றுவிட்டார்.

தனியாகப் போய் ஜீப்காரரிடம் கெஞ்சினாள். "உங்க ஊர்த்தலைவர் வந்து ஆளுங்களைக் காட்டணும்மா. அவர் வரட்டும், எழுதிக்கறேன்" என்றார் அவர். பொழுது சாயும்வரை ஜீப் நின்றது. மாமன் வரவில்லை.

லாரி வந்த அன்று, மேல்குடியிருப்பார் மூட்டையைச் சுமந்துபோக, எங்கள் சனம் அட்டையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. வந்தவர் போனைக் காட்டினார், திருப்பிக் காட்டினார், துடைத்துக் காட்டினார். "இது பள்ளிக்கூட அட்டைங்க" என்றார். லைசன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தார். அக்கா மகள் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

சாயங்காலத்துக்குள் பேச்சு பரவிவிட்டது. மாமனும் மருமகளும் சேர்ந்து ஊர்ப் பங்கை மேல்குடியிருப்புக்கு விற்றுவிட்டார்களாம். எனெலெசி தன் சம்பளத்தில் சோளமாவு வாங்கி வாசல் வாசலாக நின்றாள். "எங்க மூட்டையிலேருந்து எங்களுக்கே பிச்சையா?" என்று கதவைச் சாத்தினார்கள்.

திங்கட்கிழமை மரத்தடியில் நிழல் மட்டும் கிடந்தது. பழக்கதோஷத்தில் போனை ஒரு வீச்சு வீசினாள். எந்தப் பெயரிலும் நிறம் ஏறவில்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஆற்றுக்கு நடந்தாள்.

வகுப்பு முழுவதும் தண்ணீரில் நின்றது. லிசினெட்டி மார்பளவு ஆழத்தில் கூடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"இங்கயும் போனைக் காட்ட வந்தீங்களா மேடம்?" என்றாள் அவள் அம்மா.

எனெலெசி போனைக் கரையில் வைத்துவிட்டுத் துணியைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

"காலால துழாவுங்க" என்றாள் அந்த அம்மா. "உருண்டா கிழங்கு. நகர்ந்தா, ஓடறதுக்கு முன்னாடி எங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டு ஓடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. லிசினெட்டியின் அம்மா தலைத்துணி முடிச்சை அவிழ்த்தாள். பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றி, மடிப்புக் கலையாமல், அந்த அட்டை.

"மேடம், இன்னொரு லாரி வந்தா இதைப் பாப்பாங்களா?"

ஊர் கூடிய இடத்தில் சத்தியம் பண்ணி இல்லை என்றவள் எனெலெசி. இப்போது லிசினெட்டி, கூடையை விடாமல், அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெச்சிருங்க" என்றாள் எனெலெசி. "நனையாம வெச்சிருங்க."

அந்த அம்மா அட்டையை மறுபடியும் முடிந்துகொண்டாள். எனெலெசி குனிந்து சேற்றுக்குள் கையை விட்டாள்.