பற்றறி மாற்றிய வியாழக்கிழமை

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். கடைக்குப் பொருட்களின் பட்டியல் எழுதுவதைத் தவிர எழுதிப் பழக்கமில்லை. துணிந்து எழுத உட்கார்ந்ததை வாசிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அன்று வியாழன். மறுநாள் எனக்கு ரோட் ரெஸ்ற், தெருவில் கார் ஓடிக் காட்டும் சோதனை. ஏற்கெனவே இரண்டு தரம் ஃபெயில். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் விடிய ஐந்து மணி வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரத்தில் நாங்கள் இருக்கும் மல்வேர்னிலிருந்து அங்கே போகப் பஸ் இல்லை. கார் ஓட லைசென்ஸ் கிடைத்தால்தான் வேலை.

குளிரில் கார் ஸ்டார்ட் ஆகாமல் விட்டுவிடும் என்று பயந்து, கணவர் அன்று புதுப் பற்றறி போட்டார். ஸ்டார்ட் ஆனது. ஆனால் இஞ்சின் வேகத்தைக் காட்டும் முள் ஏறி இறங்கி, முதல் சிவப்பு விளக்கிலேயே இஞ்சின் நின்றுவிட்டது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

எங்கள் கட்டடத்துப் பார்க்கிங்குக்குத் திரும்பிவந்து பற்றறியைக் கழற்றிப் பூட்டினார். அதே கதை. மறுபடியும் கழற்றினார். நான் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கைப்பைக்குள் ரெஸ்ற் கடிதம் இருக்கிறதா என்று நான்கு தரம் பார்த்தேன்.

அவர் மூன்றாம் தரம் ஸ்பானரை எடுத்தபோது தமிழ் மெக்கானிக் ஒருவருக்குப் போன் எடுத்தேன். அந்நிய ஆட்களோடு போனில் கதைப்பதென்றால் எனக்கு நா எழாது. ஆனாலும் எடுத்து, நடந்ததைச் சொன்னேன்.

"எத்தனை தரம் கழட்டினவர் அக்கா?"

"ரெண்டு. இப்ப மூண்டாந்தரம் கழட்டப்போறார்."

மெக்கானிக் சிரித்தார். "ஐயோ, கையைப் பிடியுங்கோ! பற்றறியைக் கழட்டினா இஞ்சின் கொம்பியூட்டர் பழகினதெல்லாம் மறந்திடும். எவ்வளவு காத்து விடுறது, எவ்வளவு பெற்றோல் விடுறது எண்டு முதல்லயிருந்து பழகவேணும். அது பழகத் தொடங்க, அண்ணை திரும்பவும் அழிக்கிறார். ஹீட்டர், ரேடியோ ஒண்டும் போடாமல் பத்து நிமிசம் இஞ்சினைச் சும்மா ஓட விடுங்கோ. பிறகு ஹீட்டரைப் போட்டுப் பத்து நிமிசம். அதுக்குப் பிறகு நிண்டு நிண்டு ஓடுங்கோ."

"உவன் என்னவாம்?" என்றார் கணவர்.

"உங்களைச் சும்மா இருக்கட்டாம்."

"இந்தக் குளிரிலயோ?"

நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறி இஞ்சினை ஸ்டார்ட் பண்ணினேன். அவர் பக்கத்தில். முள் நடுங்கியது. கால்விரல்கள் விறைத்தன. அவருடைய கை ஹீட்டர் பக்கம் போனது. ஒரு தட்டுத் தட்டினேன்.

"இஞ்சேரும், இஞ்சின் நிக்கப்போகுது, அக்ஸிலேற்றரைக் கொஞ்சம் மிதியும்."

"மிதிக்கமாட்டன்."

அவரிடம் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. அவர் கையை இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்துக்கொண்டார்.

பிறகு ஹீட்டரைப் போட்டோம். முள் விழுந்து, மெல்ல எழும்பி நின்றது. பின்னேரம் முழுக்க ஒழுங்கைகளிலும் பெருந்தெருக்களிலும் நின்று நின்று ஓடினேன். ஒவ்வொரு சிவப்பிலும் இஞ்சின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தேன்.

"நிண்டிட்டுதோ?"

"இல்லையப்பா, ஓடுது. பேசாமல் இருங்கோ."

இரண்டு இடத்தில் குலுங்கியது. நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு ரெஸ்ற் எடுத்தேன். ஒரு சிவப்பு விளக்கிலும் இஞ்சின் நின்றுபோகவில்லை. பாஸ் என்றார்கள்.