உளவுத் தலைவரின் மீசை

சலூன் வைத்தவனுக்குக் கை ஓய்ந்தாலும் காது ஓயாது. என்னைப்போலவே கத்தரிக்கோலோடு மாரடிக்கும் சலூன்காரர்களான உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கண்ணாடி

பாரிஸில், எங்கள் ஆட்கள் கடை வைத்திருக்கும் லா சாப்பலில் நான் சலூன் திறந்த புதிதில் கிடைத்த வாடிக்கையாளர் அந்தத் துருக்கிக்காரர். எழுபது வயதிருக்கும். முதுகு மட்டும் இன்னும் அணிவகுப்பில் நின்றது. இரண்டு மெட்ரோ நிலையம் தள்ளிப் போனால் துருக்கிச் சலூன்கள் வரிசையாக இருக்க, இவர் ஏன் எங்களிடம் வருகிறார்? ஒருநாள் கேட்டே விட்டேன். இருவருக்கும் பிரெஞ்சு அரைகுறை என்பதால் பேச்சு நன்றாகவே ஓடும்.

"அங்கே எல்லோருக்கும் என்னைத் தெரியும். உன் கண்ணாடியும் பெரிது, வாசல் தெரிகிறது."

உத்தியோகம்

மெல்ல மெல்லக் கதை வந்தது. பனி கொட்டும் எல்லையில் இளம் அதிகாரியாகத் தொடங்கி, படையில் படிப்படியாக ஏறி, கடைசியில் சீருடையைக் கழற்றிவிட்டு உளவுத்துறைக்கே தலைவரானவராம். படையில் மீசைக்கு அனுமதி இல்லை. தலைவரான பிறகுதான் வளர்த்தாராம். அந்த வெள்ளை மீசையை நான் ஒதுக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். பக்கத்து நாற்காலியில் முடி வெட்டும் என் கூட்டாளி சிவாவிடம் இதைச் சொன்னேன். அவன் அசரவில்லை.

"அண்ணை, இஞ்சை ஆருக்கு மற்றவையின்ர கதை தெரியாது? எங்களுக்குச் சம்பளம்தான் இல்லை."

நாடி

ஒரு சனிக்கிழமை வந்து உட்கார்ந்தார். லியோனில் இருக்கும் மகள் மறுநாள் ரயிலில் வருகிறாள். தான் சொல்லாத சிநேகிதர் பெயரெல்லாம் அப்பாவுக்குத் தெரிந்திருப்பதைத் தாங்க முடியாமல், அவர் தலைவராக இருந்த காலத்தில் வீட்டை விட்டுப் போனவள். அன்றிலிருந்து பேச்சில்லை. இந்தமுறை சரிவராவிட்டால் இனி வரவே மாட்டாள் என்று பயந்தார்.

சவரம் செய்யும்போது ஒரு மரியாதைக்கு, "மீசையையும் எடுக்கவா?" என்று கேட்டேன். 'ச்' என்று நாக்கைச் சொடுக்கி, நாடியை உயர்த்தி, கண்ணை மூடிக்கொண்டார். கழுத்தை வாகாகக் காட்டுகிறார் என்று நினைத்து மீசையை வழித்துவிட்டேன். துருக்கியில் அப்படி நாடியை உயர்த்தினால் 'வேண்டாம்' என்று அர்த்தமாம்! கண்ணைத் திறந்தவர் மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். காசை வைத்துவிட்டு எழுந்து போனார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சிவா தலையில் கை வைத்துக்கொண்டான்.

"வாயால ஓம் எண்டு சொல்லாத மனிசனுக்குக் கத்தி வையாதேங்கோ அண்ணை!"

மேடை

அடுத்த வாரம் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். விடைபெற வந்தார்களாம், அப்பாவை லியோனுக்கே கூட்டிப் போகிறாள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். மகள் முந்திக்கொண்டாள்.

"ரயில் மேடையில் மீசை வைத்த தலைவரைத் தேடினேன். அங்கே நின்றது, சின்ன வயதில் என்னைப் பள்ளிக்கூடம் கூட்டிப்போன அப்பா."

அந்த நாற்காலியில் எவராவது நிமிர்ந்து உட்கார்ந்தால் இன்றும் அவர் ஞாபகம் வந்து மனம் கனக்கிறது. இப்போதெல்லாம் வாயால் 'ஓம்' என்று சம்மதம் வாங்காமல் நான் எவர் மீசையிலும் கத்தி வைப்பதில்லை. அதனாலோ என்னவோ, எவர் மகளும் திரும்பி வருவதுமில்லை.