ஞாயிறு அதிகாலை

வானத்தைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் எங்கள் ஹாஸ்டலில் ஆளாளுக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு துணி துவைக்கப் போய்விடுவார்கள். போகாமல் உட்கார்ந்து கேட்டவள் என் அறைத்தோழி மட்டும்தான். தென்காசிப் பக்கத்துக்காரி. சுங்குவார்சத்திரத்தில் இருவருக்கும் ஒரே கம்பெனி, ஒரே லைன், ஒரே ஷிப்ட். கல்யாணம் நிச்சயமாகி, வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பவிருந்தாள்.

"போறதுக்குள்ள ஒரு நட்சத்திரம் விழுததையாவது பாத்துரணும்ட்டி," என்றாள். அவள் வீட்டில் இருட்டினால் பெண்பிள்ளைகள் மாடியேறக் கூடாது. இங்கோ, கம்பெனி விளக்குகளில் வானமே ஆரஞ்சு நிறம்.

விண்கல் பொழிவு ஞாயிறு அதிகாலை இரண்டு மணிக்கு உச்சம் என்று போனில் படித்துக் காட்டினேன். ஞாயிறு எங்களுக்கு வீக்லி ஆஃப். திங்கள் மாலை அவளுக்கு பஸ். துள்ளிக் குதித்தோம். வார்டன் அக்காவைக் கெஞ்சி மாடிச் சாவி வாங்கினோம்.

"மேல இன்னா கீதுன்னு இந்தப் பனியில போறீங்க? ஒரு ராத்திரிதான், சொல்லிட்டேன்!"

சனிக்கிழமை செகண்ட் ஷிப்ட் முடிந்து வந்ததும், மறுநாள் கண்விழிக்க வேண்டுமே என்று போர்த்திக்கொண்டு தூங்கினோம். ஞாயிறு இரவு மாடியேறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், விளக்குகள் மறைந்து ஏரி மட்டும் இருட்டாகத் தெரியும் மூலையில் பாயை விரித்தோம். சிமென்ட் தரையின் குளிர் பாய்க்குள்ளும் ஏறியது. விண்கற்கள் கிளம்பி வரும் மிதுன நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டினேன். அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். மணி இரண்டானது, மூன்றும் ஆனது.

"ஏட்டி, ஒங்க நட்சத்திரமெல்லாம் லேட்டாத்தான் பஞ்ச் பண்ணுமோ?"

சிரித்துக்கொண்டே போனைத் திறந்தேன். யார் யாரோ போட்டிருந்த படங்களில் கோடு கோடாக விண்கற்கள். எல்லாம் நேற்றிரவு எடுத்தவை.

எங்களுக்கு நாள் நள்ளிரவில் மாறுவதில்லை. வெள்ளி நைட் ஷிப்டுக்குள் நுழைந்தால், சனி விடியும்வரை வெள்ளிதான். அட்டெண்டன்ஸிலும் அப்படித்தான், பேச்சிலும் அப்படித்தான். ஊர் உலகத்துக்கு ஞாயிறு அதிகாலை என்பது சனி இரவின் மிச்சம் என்று எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

"அப்போ நேத்து இந்நேரம்?" என்றாள்.

"தூங்கிக்கினு இருந்தோம்."

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். உள்ளே சிரிக்கிறாளா என்று நான் விலக்கிப் பார்க்கவில்லை. விடியும்வரை அங்கேயே கிடந்தோம். ஏரிப் பனி ஏறி வந்து, இருந்த நட்சத்திரங்களையும் மூடியது.

இந்த வருஷம் சரியான இரவில் ஏறினேன். முதல் கல் விழுந்ததும் தாங்கமாட்டாமல் அவளுக்கு மெசேஜ் போட்டேன். மாமியார் வீட்டிலிருந்து உடனே கூப்பிட்டாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"தூங்கலியா? மாடிக்குப் போ, இப்பவே போ!" என்றேன்.

"கதவத் தொறந்தா சத்தம் கேக்கும்ட்டி. எல்லாரும் படுத்திருக்காவ. நீ பாத்துச் சொல்லு, நான் கேக்கேன்."

"இப்போ ஒண்ணு. கெழக்கால, நீளமா."

"உம்."

"இன்னொண்ணு. பச்சையா இருந்திச்சு."

"உம்."

அடுத்தது விழ நேரமானது. அவள் போனை வைக்காமல் காத்திருந்தாள். பெரிதாக ஒன்று ஏரிவரை கோடு இழுத்துக்கொண்டு போனபோது கத்திச் சொன்னேன். அந்தப் பக்கம் யாரோ இருமும் சத்தம் கேட்டது. லைன் கட்டாகிவிட்டது.