செவலையின் முதுகு

மாமா மேல் ஒரு கண் வைத்துக்கொள் என்று அப்பா என்னிடம் சொன்னபோது எனக்குப் பத்து வயது. பரீட்சை முடிந்து பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். அதுவரை யாரும் என்னை நம்பி ஒரு வேலையும் கொடுத்ததில்லை. பால் வாங்க அனுப்பினால்கூட, வழியில் சிந்திவிடுவேன் என்று தூக்கில் பாதிதான் ஊற்றச் சொல்வார்கள். அப்படிப்பட்ட என்னிடம் அப்பா குரலைத் தாழ்த்திப் பேசியது எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது.

ஓசூர்ப் பக்கத்தில் பேரிகை என்ற ஊரைத் தாண்டி, கர்நாடக எல்லையை ஒட்டியிருந்த ஒரு குதிரைப் பண்ணையில் அப்பா மேனேஜராக இருந்தார். குதிரைகளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஓசூரில் ஸ்பிரிங் செய்யும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தவர். அந்தக் கம்பெனியை மூடியபிறகு யாரோ சொல்லி இங்கே வந்து சேர்ந்தார். தீவனம், வேலி, மோட்டார், வேலையாட்கள் எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்துக்கொள்வார். குதிரை பக்கத்தில் வந்தால் மட்டும் ஓரடி தள்ளி நிற்பார். பண்ணைக்குள்ளேயே எங்களுக்கு வீடு கொடுத்திருந்தார்கள்.

குதிரை தெரிந்தவர் மாமாதான். அம்மாவின் தம்பி. பெங்களூரில் பந்தயக் குதிரைகளைக் காலையில் ஓட்டிப் பழக்கும் வேலையில் இருந்து, ஒருமுறை கீழே விழுந்து தோள்பட்டை உடைந்தபிறகு ஏறுவதை விட்டவர். முதுகில் ஆபரேஷன் செய்த குதிரை ஒன்று பண்ணைக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும், அதைப் பார்த்துக்கொள்ளத் தன் தம்பியைக் கூப்பிடும்படி அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பாவுக்கு அதில் முழுமனம் இல்லை. ஆனால் வேறு ஆளும் இல்லை.

அதுதான் செவலை, பந்தயத்தில் ஓடிய பெண் குதிரை. அதற்கு வாயில் நுழையாத ஓர் இங்கிலீஷ் பெயர் இருந்தது. நிறத்தை வைத்து நாங்கள் செவலை என்றோம். அதன் முதுகெலும்பின் மேல்முனைகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு, சேணம் வைத்தாலே துள்ளி ஆளைத் தள்ளிவிடும் நிலைக்கு வந்திருந்தது. பெங்களூரில் ஆபரேஷன் செய்து, உரசிய இடங்களில் எலும்பைக் கொஞ்சம் எடுத்திருந்தார்கள். லாரியிலிருந்து அது இறங்கியபோது முதுகின் நடுவில் முடி மழித்த பட்டையும் அதில் தையல் போட்ட கோடும் தெரிந்தன. யார் கை நீட்டினாலும் காதைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு ஒதுங்கியது. ஆபரேஷன் செய்த டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். தான் வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை அதன் முதுகில் சேணமும் ஏறக்கூடாது, ஆளும் ஏறக்கூடாது.

“உங்க மாமாவுக்கு ஏறாம இருக்க முடியாது. கை அரிக்கும்” என்றார் அப்பா. “என்ன பண்றான், எங்க போறான், எப்ப வர்றான்னு பாத்து எங்கிட்ட மட்டும் சொல்லு.”

நான் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்க ஆரம்பித்த பிறகு மாமா செய்த எல்லாமே தப்பாகத் தெரிந்தது. கேரட்டைக் குதிரையின் மூக்குக்கு முன்னால் காட்டி, அது வாயைத் திறக்கும்போது விலாப் பக்கமாக இழுத்துக்கொண்டு போவார். அது கழுத்தை வளைத்துக்கொண்டு பின்னாலேயே வரும். பிறகு முன்னங்கால்களுக்கு நடுவே கேரட்டைக் கொண்டுபோய்க் குனிய வைப்பார். நோயாளிக் குதிரைக்கு ஆசை காட்டி ஏமாற்றுகிறார் என்று நினைத்தேன். வயிற்றுக்கு அடியில் விரல்நுனிகளால் அழுத்துவார். அது முதுகைப் பூனை மாதிரி மேலே தூக்கும். கிள்ளுகிறார் என்று நினைத்தேன். சொட்டுநீர்க் குழாய்களை வரிசையாகத் தரையில் போட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தாண்ட வைப்பார். அது தடுக்கி விழவேண்டும் என்பதுதான் அவர் எண்ணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒருநாள் கேட்டேவிட்டேன். “ஏன் மாமா அதைக் கிள்றீங்க?”

“கிள்ளல பாப்பா. முதுகு அதுக்கு மறந்து போச்சு. வலிக்கும்னு பயந்து பயந்து கட்டை மாதிரி வெச்சிக்கிட்டிருக்கு. வலிக்காதுன்னு கொஞ்சம் கொஞ்சமா ஞாபகப்படுத்தணும்.”

நல்ல சமாளிப்பு என்று நினைத்துக்கொண்டு அதையும் சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன்.

இதையெல்லாம் அப்பா அவ்வளவு அக்கறையாகக் கேட்டுக்கொண்டதில்லை. கேரட்டைப் பற்றிச் சொன்னால் ம் என்பார். மாமா லாயத்தை விட்டு வெளியே போனதைப் பற்றிச் சொன்னால்தான் முகத்தைத் திருப்புவார். டீ குடிக்கப் போனால் எவ்வளவு நேரம், பேரிகைச் சந்தைக்குக் கேரட் வாங்கச் சைக்கிளில் போனால் எத்தனை மணிக்குத் திரும்புகிறார் என்று கேட்பார். நானும் சந்தை நாளில் மாமா பத்து மணிக்குப் போய் ஒரு மணிக்கு மேல்தான் வருவார் என்று கண்டுபிடித்துச் சொன்னேன். அப்பா என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

இரண்டு மாதம் போலப் போனது. செவலை கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டு வந்தது. மாமாவின் சைக்கிள் சத்தம் கேட்டாலே கனைத்தது. ஒருநாள் அவர் உள்ளங்கையை அதன் முதுகில் அப்படியே வைத்தார். அது நகரவில்லை. மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை.

அடுத்த சந்தை நாளில் அப்பா அம்மாவையும் என்னையும் ஓசூருக்கு அனுப்பினார். எனக்கு ஸ்கூல் ஷூ வாங்கவேண்டும் என்றார். திரும்பி வந்ததும் ஷூவைக் காட்டுகிற சாக்கில் லாயத்துக்கு ஓடினேன். மாமா ஈரத்துணியால் செவலையின் முதுகை ஒற்றிக்கொண்டிருந்தார். அதன் முதுகில் வேர்வை காய்ந்து உப்புப் பூத்திருந்தது. நடுவில் அகன்று, இரண்டு பக்கமும் கீழே இறங்கி, சேணம் எப்படி இருக்குமோ அதே வடிவில் இருந்தது.

“ஏன் மாமா துடைக்கிறீங்க?”

“வேர்த்திருக்கு பாப்பா.”

“ஏன் வேர்த்துச்சு?”

அவர் துணியைத் திரும்ப நனைத்துப் பிழிந்தார். “அப்பா எங்க?” என்று மட்டும் கேட்டார். அகப்பட்டுக்கொண்டவர் பேச்சை மாற்றுகிறார் என்று எனக்குப் பட்டது.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் மூச்சுவாங்கச் சொன்னேன். “மாமா குதிரை மேல ஏறிட்டாருப்பா. தடயத்தைத் துடைச்சிட்டிருந்தாரு. நான் பாத்தேன்.”

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். “சரி. யார்கிட்டயும் சொல்லாத” என்றார். அவ்வளவுதான்.

நான்கு நாள் கழித்து டாக்டர் வந்தார். பெங்களூரிலிருந்து பண்ணை முதலாளியும் கூடவே வந்திருந்தார். டாக்டர் செவலையின் முதுகில் விரலை வைத்ததுதான் தாமதம், அது காலை உதைத்துக்கொண்டு சுவரோடு ஒண்டியது. லாரியிலிருந்து இறங்கிய நாளில் இருந்த கண்கள் மறுபடியும் வந்திருந்தன.

“யாரு மேல உக்காந்தது?” என்றார் டாக்டர்.

முதலாளி அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். யாரிடமும் சொல்லாதே என்றது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அப்பா திட்டு வாங்கப்போகிறார் என்றும், அவரைக் காப்பாற்ற என்னால்தான் முடியும் என்றும் தோன்றியது. லாயத்தின் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன்.

“மாமாதான். நான் பாத்தேன்.”

மாமா என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா வாயைத் திறப்பார் என்று காத்திருந்த மாதிரி கொஞ்சநேரம் நின்றார். அப்பா திறக்கவில்லை. லாயத்துக்கு வெளியே, எங்கள் வீட்டு வாசலில் அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். மாமா அந்தப் பக்கம் ஒருமுறை திரும்பினார்.

“ஆமா சார். நான்தான்” என்றார். “ஆசையில ஏறிட்டேன்.”

மத்தியானத்துக்குள் அவரைப் போகச் சொல்லிவிட்டார்கள். ஒரு பையும் ஒரு போர்வையும்தான் அவரிடம் இருந்தன. போகும்முன் செவலையிடம் போனார். அது அவரையும் கிட்டே விடவில்லை. அதற்குமேல் முயலாமல் வெளியே வந்து, என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

“கண்ணால பாத்ததை மட்டும் சொல்லு பாப்பா, இனிமே” என்றார். குரலில் கோபமில்லை. அதனாலேயே அது மிரட்டல் என்று நினைத்து, ஓடிப்போய் அம்மாவின் பின்னால் நின்றுகொண்டேன்.

அம்மா அதன்பிறகு பல நாள் அப்பாவோடு பேசவில்லை. செவலையின் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். மாமா செய்ததை அவளும் கவனித்திருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது. கேரட்டை எடுத்துக்கொண்டு போய், ஒரு வாரம் லாயத்து வாசலில் சும்மா நிற்பாள். பிறகு ஓரடி உள்ளே. பிறகு கழுத்தில் ஒரு கை. அடுத்த பொங்கலுக்குள் செவலை குழாய்களைத் தடுக்காமல் தாண்டியது. அதற்குப் பிறகும் சில மாதம் பொறுத்துத்தான் டாக்டர் சரி என்றார். மாமா பர்கூர்ப் பக்கம் கிரானைட் அறுக்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் வீட்டுக்கு அவர் திரும்ப வரவில்லை. அம்மாதான் அவ்வப்போது பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

நடந்தது என்ன என்பதை, எனக்குக் கல்யாணம் ஆனபிறகு ஒருநாள் அம்மா சொன்னாள். மைசூரிலிருந்து ஒரு தரகர் செவலையை விலைக்குக் கேட்டு வந்திருக்கிறார். பத்து நிமிஷம் ஏறிப் பார்த்தால் போதும் என்றிருக்கிறார். சீக்கிரம் விற்றுக்கொடுத்தால் முதலாளி மனம் குளிரும், இந்த வேலையாவது நிலைக்கும் என்று அப்பா நினைத்திருக்கிறார். மாமா இருந்தால் நடக்காது, அதனால் அவர் சந்தைக்குப் போன நேரத்தில் தரகரை ஏறவிட்டிருக்கிறார். மாமா எப்போது இருக்கமாட்டார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை நான்தான் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தேன்.

“அப்பா உண்மையச் சொல்லியிருந்தா அன்னிக்கே வேலையும் வீடும் போயிருக்கும். அது என் தம்பிக்குத் தெரியும்” என்றாள் அம்மா.

மாமா போன மறுநாள் சாயங்காலம் வழக்கம்போல அப்பாவிடம் போனேன். அவர் மோட்டார் ரூம் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

“இனிமே யாரைப் பாக்கணும்பா?” என்று கேட்டேன்.

“யாரையும் வேணாம்” என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். “போய் விளையாடு, போ.”

நான் என்ன தப்புச் செய்தேன் என்று எனக்கு விளங்கவில்லை. எல்லாவற்றையும் சரியாகத்தானே சொன்னேன், எனக்கு ஏன் வேலை போயிற்று என்று நினைத்து, வீட்டுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன்.