டெலுவின் புழுப் பைகள்

மாரடி ஊர்ப் பக்கத்தில் டெலு என்றால் யாருக்கும் தெரியாது. புழுக்காரி என்றால்தான் தெரியும். கம்பு கதிர் விடும் சமயம் பார்த்து அந்துப்பூச்சி வந்து முட்டையிடும். பொரிக்கிற புழு கதிரைச் சுற்றிச் சுற்றிக் குடைந்து பதராக்கிவிடும், பாழாய்ப் போனது. அதற்கு டெலுவிடம் வைத்தியம் இருந்தது. சாக்குத் துணியில் பத்துச் சின்னப் பை தைப்பாள். ஒவ்வொன்றிலும் இரண்டு கைப்பிடி கம்பு, அதைத் தின்ன வேறு புழுக்கள், இரண்டு பொடிக் குளவி. கூரையடியில் தொங்கவிட்டால் எட்டு நாளில் குளவிகள் அந்தப் புழுக்கள்மேல் முட்டையிட்டுப் பெருகி, சாக்கின் கண் வழியே வயலுக்குப் பறக்கும். அவை கொட்டிய புழு அப்புறம் வாயைத் திறக்காது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய கம்பு தீர்ந்து புதுசு வராத பசி மாதத்திலல்லவா இதைச் செய்யவேண்டும்!

"என் மகளுக்குக் கஞ்சி இல்ல. இவ புழுவுக்கு விருந்து வைக்கிறா!" என்பாள் தசல்லா, டெலுவின் புருஷனுக்கு மூத்த மனைவி.

"கதிர் போச்சுன்னா அடுத்த வருசமும் பட்டினிதான், அக்கா."

"போடி, கனாக்காரி."

கனாக்காரிதான். மதியத்தில் பைகளுக்கடியில் படுத்து, புழு கம்பை அரிக்கிற சத்தத்தைக் கேட்பாள். தூரத்து மழை மாதிரி இருக்கும். கண் சொருகும். பச்சைக் கதிர்களுக்கு மேலே தானே மிதந்து போவாள். விழித்தால் கிழமைகூடத் தெரியாது. அப்படித்தான் நாள் கணக்கைத் தவறவிட்டாள்.

ஒருநாள் களை பறித்துவிட்டு வந்தால், கூரையடியில் ஒரு பையும் இல்லை. அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி அக்கா! குடியக் கெடுத்துட்டியே!"

தசல்லா கிண்டுவதை நிறுத்தவில்லை. "கத்தாத. எட்டு நாள்ல பறந்துரும்னு நீதான சொன்ன? இன்னிக்கு ஒம்பது. பிரிச்சுப் பாத்தேன், ஒரு குளவி இல்ல. சலிச்சுத்தான் உலையில போட்டேன்."

"நீயா எண்ணின?"

"எண்ணாம? தலைக்கு மேல கம்பு தொங்குது, மடியில புள்ள பசின்னு அழுவுது. தினம் எண்ணினேன்."

டெலு வயலுக்கு ஓடினாள். ஒரு கதிரை விலக்கினாள். புழு அசையாமல் கிடந்தது. இன்னொன்றிலும் அப்படியே. கம்பு பிழைத்துவிட்டது. சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு அழுகை வந்தது. தான் கனவு கண்டு கிடந்த எட்டு நாளும் அக்கா எப்படித் தாங்கினாள் என்று நினைத்து நினைத்து அழுதாள்.

பின்னாலேயே தசல்லா சட்டியோடு வந்து நின்றாள்.

"போதும்டி. உன் பங்கு ஆறுது, குடி."